தெரிந்த பழுதுகள்

மார்ச் 4, திங்கள்

இன்றும் பாலத்தின் மேல் நின்றுவிட்டோம்.

டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம். இருபதாவது நிமிடத்தில் சூடு காட்டுகிற முள் ஏறத் தொடங்கும். பாலத்துக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் எப்போதும் கிளம்புவோம். இன்று இவருக்குக் குளிர் நடுக்கம். சீக்கிரம் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடலாம் என்று நிறுத்தாமல் வந்தேன். பாலத்தின் நடுவில் ஆவி கிளம்பிவிட்டது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, என்னவோ நான் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு நிறுத்தியதுபோல.

"ரேடியேட்டர் மூடிய உடனே தொடாத, கை வெந்துரும்" என்று பின்சீட்டில் கண்ணை மூடியபடியே சொன்னார். இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டிய மனுஷன். கண் மங்கிய பிறகு டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். இப்போது நான்தான்.

வீட்டில் ஒருவருக்கு நாளைக்கு ஒரு லிட்டர் என்று தண்ணீரை அளந்து கொடுக்கிறேன். வண்டிக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றுகிறேன். டிக்கியில் எப்போதும் ஆறு பாட்டில் இருக்கும். இவர் கண்ணில் படக்கூடாது என்று மேலே ஒரு துணியைப் போட்டு வைப்பேன்.

முக்கால் மணி நேரம் நின்றோம். இந்த வண்டியை மாற்றியே ஆக வேண்டும்.

(இந்த நோட்டின் முன்பக்கம் ஆஸ்பத்திரிக்காக. இவருடைய எடை, குடித்த தண்ணீர், ரத்த அழுத்தம். பின்பக்கத்திலிருந்து எனக்கு. இரண்டும் எங்கே சந்திக்கிறதோ அங்கே புது நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.)

மார்ச் 6, புதன்

சின்ன சிஸ்டர் இன்று வேலையில் இருந்தார். ஒரே குத்தில் இரண்டு ஊசியும் இறங்கிவிட்டது. அந்தத் தடித்த ஊசியைப் பார்த்தாலே நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். இவரோ அந்தப் பெண் கை வைத்தால் மட்டும் முகம் சுளிப்பதில்லை. வார்டில் மூன்று சிஸ்டர்கள். இவர் வைத்த பெயர்கள்தான் பெரிய சிஸ்டர், நடு சிஸ்டர், சின்ன சிஸ்டர். கையைத் தடவிப் பார்த்து, "எங்கண்ணா ஒளிச்சு வச்சிருக்கீங்க நரம்ப?" என்று கேட்பார், இவர் சிரிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

மார்ச் 9, சனி

தம்பி வந்து வண்டியைப் பார்த்தான். தம்பியே மெக்கானிக்காக இருப்பதில் ஒரே லாபம், கெட்ட செய்தி இலவசம்.

"கேஸ்கெட் போயிருச்சுக்கா, தண்ணி உள்ளயே கசியுது. இன்ஜினப் பிரிக்கணும். வண்டி வெலையில பாதி ஆயிரும்."

"வேற வழி?"

"எக்ஸ்சேஞ்சுல தள்ளிரு. ரேடியேட்டர்ல ஒரு பொடி போட்டுத் தர்றேன். கசியற எடத்த அடச்சுக்கும். ரெண்டு மாசம் முள்ளு ஏறாது. கார் கடைக்காரன் பத்து நிமிஷம் ஓட்டிப் பாப்பான், அவ்வளவுதான்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் புரிந்துகொண்டான். கூடப் பிறந்தவன் அல்லவா.

உள்ளே படுத்திருந்த இவருக்கு எக்ஸ்சேஞ்ச் என்ற வார்த்தை மட்டும் கேட்டிருக்கிறது. "குடுக்கறப்ப தண்ணி விஷயத்தச் சொல்லிரு. வாங்கறவன் எவனோ, பிள்ளகுட்டியோட போவான்" என்றார்.

"சொல்லாம இருப்பேனா?" என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

என் தையல் கடையை மதியமே பூட்டிவிட்டு (நான்கு கால்சட்டை, ஒரு கோட்டு ஜிப் பாக்கி, நாளை திட்டு வாங்கணும்) பழைய கார் விற்கும் இடத்துக்குப் போனேன். ரிங் ரோட்டில், டயர் கடைக்குப் பக்கத்தில். நாற்பது ஐம்பது வண்டிகள், எல்லாம் முகம் கழுவிப் பெண் பார்க்க உட்கார வைத்ததுபோல. உரிமையாளர் வெள்ளைச் சட்டைக்காரர். அவ்வளவு தூசியிலும் அந்தச் சட்டை எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்று தெரியவில்லை. மேடம் என்று ஆரம்பித்தார்.

சாம்பல் நிற வண்டி ஒன்று பிடித்தது. கதவு அகலம், பின்சீட்டில் இவர் காலை நீட்டிப் படுக்கலாம். மீட்டர் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்றது. "ஒரே ஆள் ஓட்டினது மேடம். ஞாயித்துக்கிழம மட்டும் எடுப்பாரு."

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டை வாயைப் பிளந்தே பார்க்கலாம். எனக்கு இன்ஜின் தெரியாது. தையல் தெரியும். ஓட்டுநர் சீட்டில் குனிந்தேன்.

ஏறி இறங்குகிற பக்கத்து விளிம்பில் தையல் புதிது. நூல் மற்ற இடங்களைவிட ஒரு மயிரிழை தடிமன். சரி, நூல் மாறலாம். ஆனால் தையலுக்குப் பக்கத்திலேயே, ஒரு நெல் அகலம் தள்ளி, பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. துணியில் தையலைப் பிரித்தால் துளை இரண்டு சலவையில் மூடிக்கொள்ளும். தோலில் மூடவே மூடாது. போட்ட துளை போட்டதுதான். யாரோ தினமும் பத்துத் தடவை ஏறி இறங்கித் தேய்த்த சீட், பிரித்துப் புதுத் துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டாயிரத்தில் சீட் இப்படித் தேயாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினால் சத்தியமாகத் தேயாது. வாடகைக்கு ஓடிய வண்டி.

"அந்த ஞாயித்துக்கிழமக்காரரு ரொம்ப குண்டோ?" என்று கேட்டேன்.

வெள்ளைச் சட்டை சிரித்தார். நான் துளைகளின் மேல் நகத்தை வைத்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. பிறகு நாற்காலி போட்டார், மின்விசிறியைத் திருப்பினார், மேடம் போய் அக்கா வந்தது.

இன்ஜின் நல்ல இன்ஜின், பதினைந்தாயிரம் குறைக்கிறேன், மீட்டர் பேச்சு நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். தம்பியைக் கொண்டுவந்து இன்ஜினைப் பார்த்த பிறகுதான் என்றேன். இருபதாயிரம் என்றார். பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து.

மார்ச் 16, சனி

முடிந்தது.

தம்பி சாம்பல் வண்டியை மேலும் கீழும் பார்த்தான். ஓட்டம் அதிகம், ஆனால் இன்ஜின் உறுதி, இந்த விலைக்குத் தரும் என்றான். நம் வண்டியை அவர்களுடைய ஆள் ஓட்டிப் பார்த்தான். டயர் கடைவரை போய்த் திரும்பினான். தம்பி பத்து நிமிடம் என்று சொன்னதுகூட அதிகம், ஏழு நிமிடம். முள் படுத்தபடியே கிடந்தது.

கையெழுத்துப் போட நான்கு தாள்கள். மூன்றாவதில் ஒரு வரி: எனக்குத் தெரிந்த பழுதுகள். பக்கத்தில் கோடு போட்ட இடம், இரண்டு வரிக்கு. வெள்ளைச் சட்டை பேனாவை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி வெளியே போய் நின்றுகொண்டான்.

'இல்லை' என்று எழுதினேன்.

கடைக்காரன் மீட்டரைத் திருப்பினான், நான் பொடியைப் போட்டேன். கள்ளனுக்குக் கள்ளன். ஊரைக் கொள்ளையடிக்கிறவனிடம் ஒரு பிடி எடுத்தால் பாவமா? நாளை யாரோ முகம் தெரியாதவர் வாங்குவார், அவருக்கும் ஒரு தம்பி இருப்பான்.

இரவு சாப்பிடும்போது இவர் கேட்டார். "தண்ணி விஷயம் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சரி பாத்துக்கறோம்னாரு."

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் இவரிடம் பொய் சொன்னதே இல்லை என்று எழுத மாட்டேன். சேலை விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். இது அந்த மாதிரி இல்லை.

மார்ச் 18, திங்கள்

நிற்காமல் வீடு வந்தோம். நாற்பது நிமிடம், ஒரே மூச்சில். பாலத்தைக் கடக்கும்போது இவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். எவ்வளவு தெரிந்ததோ.

மார்ச் 22, வெள்ளி

என் வாய் இருக்கிறதே.

வார்டில் காத்திருக்கும் நேரத்தில் சீட் கதையைச் சின்ன சிஸ்டரிடம் சொன்னேன். நகத்தை வைத்துக் காட்டியது, நாற்காலி வந்தது, மேடம் அக்கா ஆனது, எல்லாம் நடித்தே காட்டினேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடக் குழாய் ஆடச் சிரித்தார். இவர் பெருமையாக, "இவகிட்ட பேரம் பேசறதுக்கு அந்த ஆளு வேற வேல பாக்கலாம்" என்றார்.

சிஸ்டருக்கும் ஒரு கார் வேண்டுமாம். வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார். அவருடைய அம்மா இரண்டு மணி நேரத் தொலைவில் தனியாக இருக்கிறார், விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவர். வார விடுமுறையில் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணவர் இல்லை. இல்லை என்று மட்டும்தான் சொன்னார், நான் கேட்கவில்லை. கையில் இருப்பது சிறிய தொகை.

"நீங்க கூட வந்தீங்கன்னா ஏமாற மாட்டேன்க்கா. வர்றீங்களா?"

எப்படி முடியாது என்பேன்? நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கைகளுக்கு ஊசி போடுகிற பெண், என்னிடம் ஒன்று கேட்கிறது. அதுவும் நான் பெருமையடித்துக்கொண்ட விஷயத்திலேயே கேட்கிறது.

நம் பழைய வண்டி இதற்குள் போயிருக்கும். ஆறு நாள் ஆகிவிட்டது. அடுத்த வாரம் போனால் நிச்சயம் போயிருக்கும். அடுத்த வாரம் என்றேன்.

மார்ச் 30, சனி

போகவில்லை. முதல் வரிசையில் நின்றது.

மெழுகு பூசிப் பளபளவென்று. இடது பக்கம் இவர் கேட்டில் இடித்த நசுங்கலைத் தட்டி நேராக்கியிருந்தார்கள். பதினான்கு வருடம் என் வீட்டு வாசலில் நின்ற வண்டியை எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. சிஸ்டர் நேராக அதனிடம்தான் போனார். கண்ணாடியில் ஒட்டியிருந்த விலை அப்படி. மற்ற எந்த வண்டியும் அவர் கைக்கு எட்டாது.

நான் வேறு இரண்டைக் காட்டினேன். விலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து நின்றார். கூட வந்த மகள் அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அம்மா, பாட்டிக்கு இங்க படுக்க எடம் இருக்கு" என்றது.

வெள்ளைச் சட்டை வந்தார். என்னைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

"இது அக்காவோட வண்டிதான். எப்படிப்பட்ட வண்டின்னு அக்காவையே கேளுங்களேன்."

சிஸ்டர் முகம் அப்படியே மலர்ந்தது. "உங்க வண்டியாக்கா? ஏன் சொல்லவே இல்ல?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. 'வேண்டாம்மா, இது நிக்கும்.' அவ்வளவுதான். சொன்னால் அந்த ஆள் மூன்றாவது தாளை எடுத்து நீட்டுவார். 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அதை இந்தப் பெண் படிப்பாள். வாரத்துக்கு மூன்று நாள் இவருடைய கையைப் பிடிக்கிற பெண். இதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது.  நாக்கு அதுவாகவே பேசியது.

"நல்ல வண்டி. கண்ணு மாதிரி பாத்துக்கிட்டோம்."

அதோடு விட்டேனா? பேரம் பேசினேன். அவளுக்காக, என் வண்டிக்கு, வெள்ளைச் சட்டையிடம். ஐயாயிரம் குறைத்துக்கொடுத்தேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார், இவ்வளவு சுலபமாக எந்த வியாபாரியும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. சிஸ்டர் முன்பணம் கட்டினார். வெள்ளிக்கிழமை வண்டி எடுக்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒரு அக்கா இருந்தா போதும்" என்றார்.

சொல்லவே முடியல. ஏன் வாய் வரல எனக்கு? ஊரே தாங்காத வாய் ஆச்சே. சீ.

மார்ச் 31, ஞாயிறு

ஒரு ஜிப்பை மூன்று தடவை தப்பாக வைத்துத் தைத்தேன்.

ஏப்ரல் 1, திங்கள்

சின்ன சிஸ்டர் விடுப்பு. வங்கி வேலையாம். நல்லது என்று நினைத்தேன். நினைத்ததற்கு என்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

தம்பியிடம் போனில் கேட்டேன், பொடி போட்ட வண்டி நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடினால் என்ன ஆகும் என்று. "அதெல்லாம் தாங்காதுக்கா. அடச்சது பிச்சுக்கும். கவனிக்காம ஓட்டினா இன்ஜின் பூட்டிக்கும், ஓடற வேகத்துல அப்படியே நின்னுரும். ஏன் கேக்கறே?"

சும்மா என்றேன்.

ஏப்ரல் 3, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும், நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

இன்று நான் வார்டுக்குள் போகவில்லை. கடையில் அவசர வேலை என்று சொல்லி இவரை வாசலில் இறக்கிவிட்டுப் போய், நான்கு மணிநேரம் கழித்துக் கூப்பிட வந்தேன். பின்சீட்டில் படுத்தார். வண்டியை எடுத்தேன். பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது சொன்னார்.

"சின்ன சிஸ்டர் நம்ம வண்டியத்தான் வாங்குதாம். நாள் முழுக்க அதே பேச்சு. மக கேட்டான்னு சீட்டுக்கு உற எல்லாம் வாங்கிருச்சாம்."

"ம்."

"தண்ணி விஷயம் தெரியும்ல, பாட்டில் வச்சுக்கோன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் விட்டுட்டேன். கூடவே போனவ நீ. சொல்லாமயா இருந்திருப்பே."

பாலம் வந்துவிட்டது. எந்த இடத்தில் ஆவி கிளம்பி நின்றோமோ ஏறக்குறைய அங்கேயேதான் என்று நினைக்கிறேன். நான் சொன்னேன். கடைக்காரனிடம் சொல்லாதது, பொடி, 'இல்லை' என்று எழுதியது, நல்ல வண்டி என்றது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

இவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை, எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "வண்டியத் திருப்பு" என்றார்.

"நீங்க களச்சுப் போயிருக்கீங்க. வீட்டுல விட்டுட்டு நான்..."

"திருப்புன்னேன்."

ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார், தோளில் பை, கையில் மகளுக்கு ஏதோ பொட்டலம். இவர் வண்டியிலேயே இருந்தார். நான் இறங்கிப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. "அந்த வண்டிய எடுக்காதம்மா. அது சூடாகி நிக்கும். எனக்கு முன்னாடியே தெரியும்" என்றேன்.

முதலில் நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தார். சிரிப்பு பாதியில் நின்று அப்படியே முகத்தில் கொஞ்ச நேரம் கிடந்தது.

"தெரிஞ்சேவா அன்னிக்கு..."

"தெரிஞ்சேதான்."

"எனக்கு வண்டியப் பத்தி என்னக்கா தெரியும்? அன்னிக்கு நான் வண்டியவா பாத்தேன்? உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னார். ரத்த அழுத்தம் இவ்வளவு என்று சொல்கிற அதே குரல். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். என் பக்கம் இருந்த ஜன்னல் காலியாகத்தான் இருந்தது, அவர் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

இவரைக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்தேன். படுக்க வைத்து விளக்கை அணைத்த பிறகு, "வலிச்சிருக்கும்" என்றார். யாருக்கு என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

சின்ன சிஸ்டர் வார்டின் மறுகோடியில் வேலை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். இவருக்கு நடு சிஸ்டர் ஊசி போட்டார். முதல் குத்து தவறியது. இரண்டாவதும். மூன்றாவதில் இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கி நீலமாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர, என்னைப் பார்க்கவில்லை. நான் செய்ததற்கு இவர் கையில் குத்துகிறார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே தின்றது நான், இவருக்கோ தண்ணீரும் அளவு.

ஏப்ரல் 6, சனி

வெள்ளைச் சட்டையிடம் போனேன். தனியாக.

சிஸ்டர் முன்பணத்தைக் கேட்டாராம். திருப்பித் தர முடியாது, தாளில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன் என்றார். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நான் பழுதை மறைத்தேன், பொடி போட்டிருந்தேன், அந்தப் பெண் மேல் தப்பில்லை, பணத்தைக் கொடுங்கள் என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மேசை மேல் விரலால் தாளம் போட்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. மூடியத் திறந்தா பொடி வாடை மூக்கத் துளைக்குது. இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன்."

"தெரிஞ்சும் ஏன் எடுத்தீங்க?"

"நீங்க சீட்டப் பாத்தீங்க. நான் மூடியப் பாத்தேன். நீங்களும் வாயத் திறக்கல, நானும் திறக்கல. நமக்குள்ள கணக்கு நேரா இருந்துச்சே. இதுல யாரு ஏமாந்தா, சொல்லுங்க?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. அவரை வென்றுவிட்டேன் என்று ஒரு மாதமாகத் தலை நிமிர்ந்து நடந்தேனே, அந்த ஆள் ஒரு காசுகூட இழக்கவில்லை. சாம்பல் வண்டியில் குறைத்ததை என் பழைய வண்டிக்குப் போட்ட விலையில் கழித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் இருவருக்குள் எல்லாம் நியாயம். மிச்சத்தை எடுத்து மூன்றாவது ஆள் தலையில் வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு கை பிடித்து.

"பணத்தக் குடுங்க" என்றேன் மறுபடி.

"முடியாதுக்கா."

"சரி. திங்க, புதன், வெள்ளி எனக்கு ஆஸ்பத்திரி. மத்த நாளெல்லாம் கடைய உங்க வாசல்ல போட்டுர்றேன். ஒரு ஸ்டூல் போதும். உள்ள போறவங்களுக்கெல்லாம் சீட்டுல எங்க நகம் வச்சுப் பாக்கறதுன்னு சொல்லித் தர்றேன். காசு வாங்க மாட்டேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரும் நிறுத்தினார்.

பணத்தைக் கொடுத்தார். ஆனால் அந்த வண்டியை வேறு ஒருவருக்கு விற்பார். அந்த ஒருவருக்கும் ஒரு மகளோ அம்மாவோ இருக்கும். வண்டியை நானே எடுத்துக்கொண்டு போகிறேன், விலை சொல்லுங்கள் என்றேன். என்னிடம் எடுத்த விலைக்கு மேல் மெழுகுக்கும் நசுங்கலுக்கும் சேர்த்துச் சொன்னார். பேரம் பேசவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவை.

காது வளையத்தை அடகு வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. பரவாயில்லை. இரண்டு துளை, அவை மூடாது, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

முன்பணத்தை உறையில் போட்டு வார்டு மேசையில் கொடுத்தேன். உள்ளே கடிதம் எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன். என் கையெழுத்தை யார் நம்புவார்கள்?

ஏப்ரல் 9, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமையே தம்பியைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டினேன். "உன் பொடி, உன் கேஸ்கெட். கூலி கெடயாது. பிரி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே பிரித்தான். இரண்டாம் நாள் முணுமுணுப்பு நின்றது. சாமான் செலவைப் போட்டு வண்டியை அவனே வைத்துக்கொள்கிறானாம், என் பணத்தை மாதாமாதம் தருவானாம். சரி. ஓட்டப்போகிறவன் அவனே என்றால் ஒழுங்காகத்தான் பூட்டுவான்.

ஏப்ரல் 15, திங்கள்

நடு சிஸ்டர். இரண்டு குத்து.

ஏப்ரல் 26, வெள்ளி

நடு சிஸ்டர். ஒன்று. முன்னேற்றம் என்றார் இவர். நாங்கள் இருவரும் சிரித்தோம், பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

மே 8, புதன்

பெரிய சிஸ்டருக்குக் காய்ச்சல், நடு சிஸ்டர் லீவு. சின்ன சிஸ்டர் வந்துதான் ஆக வேண்டியிருந்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன், என் முகத்தை வைத்துக்கொண்டு அங்கே ஏன் நிற்க வேண்டும்? கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்தவர் நீலம் பாய்ந்த கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு வெகுநேரம் தடவித் தடவி இடம் தேடினார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை.

"என்ன சொன்னா?" என்று வண்டியில் கேட்டேன்.

"யாரு குத்தினது இப்படின்னு கேட்டுச்சு. இனி நானே பாத்துக்கறேன்னுச்சு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

ஜூன் 20, வியாழன்

மதியம் கடையில் தலை குனிந்து ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்பு இறக்கிக்கொண்டிருந்தேன். மேசை மேல் ஒரு வெள்ளைச் சீருடை வந்து விழுந்தது. நிமிர்ந்தால் சின்ன சிஸ்டர்.

"இடுப்புல ரெண்டு விரல் பிடிக்கணும். எளச்சுட்டேன்."

குண்டூசி வைத்துப் பிடித்தேன்.  எவ்வளவு என்று கேட்டார். எல்லோரிடமும் வாங்குவதைத்தான் சொன்னேன். குறைத்துச் சொன்னால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. எண்ணி வைத்தார்.

போகவில்லை. வாசலில் நின்று எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மறுபடி விழுந்துவிட்டதாகச் சொன்னார். பஸ்ஸில் போய் வர முடியவில்லை, கொஞ்சம் கடன் கிடைத்திருக்கிறது, வேறு ஒரு கார் கடை, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"சனிக்கிழம வர்றீங்களா?"

எனக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று தெரியவில்லை. "நானா?" என்றேன்.

"வேற யாருக்கு ஊசித் துளையப் பாக்கத் தெரியும்? நீங்க சீட்டப் பாருங்கக்கா" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் உங்க மூஞ்சியப் பாத்துக்கறேன்."

இவரிடம் சொன்னேன். டம்ளரில் பாக்கி இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அளவை முன்பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதினேன். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன், எந்த வண்டியானாலும் ஒரு மணி நேரம் முழுசாக ஓட்டிப் பார்க்காமல் விடக்கூடாது என்று.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போகிறோம்.